பன்னிரண்டாவது சாட்சி

ஆறாம் எண் அறைக்குச் சாட்சி சொல்ல யார் வந்தாலும் அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும். வாயே இல்லாத சாட்சியாக இருந்தாலும் வைக்க வேண்டும். இது சட்டமும் இல்லை, விதியும் இல்லை. குழுத் தலைவர் வேதநாயகி அம்மாள் வந்த நாளிலிருந்து போட்ட பழக்கம். வைக்கிறவள் பவளக்கொடி.

பவளக்கொடிக்கு அது வேலை இல்லை. திருச்சியில் தென்மண்டல நாடாளுமன்றம் வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்பதிவாளர். குழுவில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் பதிய வேண்டும். இருமலைக்கூட "இருமுகிறார்" என்று பதிய வேண்டும். இயந்திரம் பதிந்ததை அவள் காது சரிபார்த்தால்தான் அது பதிவேட்டுக்குப் போகும். இருந்தாலும் முதல் நாள் வேதநாயகி அவளைப் பார்த்து, "பவளம், சாட்சிக்குத் தண்ணி வைம்மா" என்று சொன்னதிலிருந்து அது அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் தலைவரை மேடம் என்பார்கள். இவளுக்கு மட்டும் அக்கா.

மன்றத்துக்குள்ளே கூச்சலும் வெளிநடப்பும்தான். ஆறாம் அறையில் அப்படி இல்லை. அங்கே கட்சித் துண்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒரு மசோதா சட்டமாவதற்கு முன்னால் அதை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப்போட்டு, இதனால் யாருக்கு வலிக்கும் என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான் என்று பவளக்கொடி நம்பியிருந்தாள். அவளுக்குக் கோவில் குளம் என்று பெரிய பழக்கமில்லை. அந்த அறைதான்.

அன்றைக்கு வந்திருந்தது ஒற்றை ஒப்புதல் மசோதா. வீட்டுக்கு ஒருவரை ஒப்பாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலை மாற்றம் எதுவானாலும் அந்த ஒருவர் கையெழுத்துப் போட்டால் வீட்டில் எல்லாரும் போட்டதாகக் கணக்கு. கைரேகை தேய்ந்துபோன கிழவிகள் வரிசையில் நிற்க வேண்டாம், படிக்கத் தெரியாதவர்கள் பாரம் நிரப்ப வேண்டாம் என்று அமைச்சர் பேசியபோது எதிர்க்கட்சியிலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சாட்சி மேசையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. அதன் முன்னால் டம்ளர்.

"உக்காருங்கம்மா. பேரு சொல்லுங்க" என்றார் வேதநாயகி. உட்கார ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்வார்.

"அமிர்தம். லாலாபேட்டை. வாழையிலை மண்டியில இலை அடுக்குற வேல. அது அப்ப. இப்ப வேலைக்குப் போறதில்லீங்க."

"வயசு?"

"எழுபத்துமூணு."

நிஜமான அமிர்தம் அந்த நேரத்தில் லாலாபேட்டை மண்டியில் இலை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. இங்கே பேசுவது அவருடைய சாயல். புதுச் சட்டத்தின் கீழே பன்னிரண்டு வருடம் வாழ்ந்து முடித்துவிட்டு வந்திருக்கிற சாயல்.

"கண்ணுல புரை விழுந்துருச்சுங்க. அரை மணி நேர வேலைதான்னு டாக்டர் சொன்னாரு. ஆனா என் கையெழுத்து செல்லாதுன்னுட்டாங்க. வீட்டுக்கு ஒப்பாளர் என் மகன் கதிரேசன். அவனக் கேட்டாங்க. இந்த வயசுல எதுக்கு அம்மா மேல கத்தி வைக்கணும்னு, வேணாம்னு போட்டுட்டான். கோவத்துல போடலீங்க, பாசத்துலதான் போட்டான். மூணு தடவ போய்க் கேட்டேன். மூணு தடவையும் பாசத்துலதான் போட்டான்."

"இப்ப பார்வை எப்படிம்மா இருக்கு?"

"சன்னல் எந்தப் பக்கம்னு தெரியும்."

ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பவளக்கொடி "அமைதி" என்று பதிந்துகொண்டாள்.

அப்படி மூன்று நாளில் பதினொரு சாயல்கள் வந்து பேசின. பதினொன்றும் ஏதோ ஒரு வலியைச் சொல்லிவிட்டுப் போயின. ஒரே ஒரு சாட்சி பாதிப்பு என்று சொன்னால்கூடப் போதும், அந்தப் பிரிவை மன்றம் தனியே எடுத்து விவாதிக்க வேண்டும், ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வாக்களிக்க வேண்டும் என்பது விதி. பேர் சொல்லி வாக்களிப்பதென்றால் ஊரில் போய் முகம் காட்ட வேண்டுமே. அதனால் அப்படி வந்த பிரிவு எதுவும் இதுவரை தேறினதில்லை.

இந்த மசோதா பிழைக்காது என்று பவளக்கொடி நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு விதியும் இருந்தது. மனிதர்கள் மட்டுமே சாட்சி சொன்ன காலத்து விதி. சாட்சி பேசியதைத் தட்டச்சு செய்து அவருக்கே அனுப்புவார்கள். பேர், ஊர், எண் தப்பாக இருந்தால் அவர் திருத்தலாம். தான் சொன்னது தன் கருத்தைச் சரியாகக் காட்டவில்லை என்றால் அதையும் மாற்றலாம். ஏழு நாள் கெடு. திருத்திக் கொடுத்ததுதான் பதிவு. சாயல்கள் வந்தபோது, இதன் பேச்சைத் திருத்தும் உரிமை யாருக்கு என்று ஒரு கேள்வி எழுந்தது. சாயல் யாருடையதோ சொல்லும் அவருடையது என்று முடிவு செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

திருத்தத் தாள்கள் தபாலில் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை வேதநாயகி பவளக்கொடியைக் கூப்பிட்டார். பிளாஸ்கிலிருந்து அவளுக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, நீயே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வா என்றார். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு மனசில் நின்றது.

"தன் பேச்சத் தானே படிக்கிறப்ப மனுசங்க பயந்துருவாங்க பவளம். நீ பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும்."

இருபத்திரண்டு வருடத்தில் தன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. பதினொரு உறைகளையும் பையில் வைத்துக்கொண்டு பெருமையாகவே கிளம்பினாள்.

முதலில் போனது துறையூர். தங்கராசு, டவுன் பஸ் டிரைவர். ஒப்பாளராக இருந்துகொண்டு, மகளுக்குக் கோயம்புத்தூரில் கிடைத்த நர்ஸ் வேலைக்கு ஒப்புதல் போடாமல் விட்டதாகவும், அதற்குப் பிறகு ஐந்து வருடமாக மகள் தன்னோடு பேசவில்லை என்றும் அவர் சாயல் சொல்லியிருந்தது. அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னப்பா அது என்று கேட்டாள். ஓட்டர் லிஸ்ட் மாதிரி ஏதோம்மா என்று அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். மகள் உள்ளே போனதும் பேனாவை எடுத்து, அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "என் மகளின் விருப்பமே என் விருப்பம்" என்று எழுதினார்.

எழுத்துப் பிழைக்கும் பொருளை மாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பவளக்கொடி மெல்ல எடுத்துச் சொன்னாள்.

"நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்றார் தங்கராசு. "அப்ப இதுல இருக்கிறது தப்புதானே? தப்பத் திருத்தத்தானே கொண்டாந்திருக்கீங்க?"

கையெழுத்தை வாங்கிக்கொண்டாள்.

லாலாபேட்டைக்குப் போனபோது அமிர்தம் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். தாளைக் கையில் வாங்கியதும் கேட்டார்.

"யாரும்மா இவ, என் பேர்ல பேசினவ?"

"உங்க சாயல். போன வருசம் ரேஷன் கடையில கேட்டு, சரின்னு கையெழுத்துப் போட்டீங்களே. உங்க பேச்சு, நீங்க போறது வர்றது, எதுக்குச் சரிம்பீங்க, எதுக்கு மாட்டேம்பீங்க, எல்லாத்தையும் வச்சு கம்ப்யூட்டருக்குள்ள உங்கள மாதிரியே ஒருத்தி. அது மாதிரி மூவாயிரம் பேர் இருக்கிற ஒரு ஊரு. அதுக்கு ஒத்திகை ஊர்னு பேரு. அங்க புதுச் சட்டத்தப் போட்டுப் பன்னெண்டு வருசம் ஓட்டிப் பார்ப்பாங்க. நமக்கு ஒரு பகல்தான் ஆகும்."

"ஜாக்கெட் துணிய வெட்டுறதுக்கு முன்னால பேப்பர்ல வெட்டிப் பாக்குற மாதிரி."

"அதேதான்."

"என் மகனும் அந்த ஊர்ல இருந்தானா?"

"இருந்தாருங்க."

அந்த மகன் கதிரேசன் அப்போதுதான் தெருவிலிருந்து வந்தான். அம்மாவுடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு காது ஒடிந்திருந்ததாம். கரூர் வரைக்கும் போய் ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். அவனே மாட்டிவிட்டு, வலிக்குதாம்மா, இறுக்குதாம்மா என்று இரண்டு தடவை கேட்டான். அமிர்தம் இல்லை என்றார். மகன் ஒட்டிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முழுக்கப் படித்தார். பவளக்கொடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மூன்று பத்தியையும் அடித்துவிட்டு எழுதினார்: "என் மகன் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறான். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது."

இரண்டு வாக்கியமும் அன்றைக்கு உண்மைதான்.

ஆறு நாளில் பதினொரு தாளும் திரும்பி வந்தன. பதினொன்றும் திருத்தப்பட்டிருந்தன. குழு அறிக்கையில் "பாதிப்பு ஏற்படும் என்று எந்தச் சாட்சியும் கூறவில்லை" என்று ஒரு வரி வந்தது. அதைச் சரிபார்க்க வேண்டியவளும் பவளக்கொடிதான். பதிவேட்டில் இருப்பதோடு அது சரியாகப் பொருந்தியது. இருந்தாலும் அவள் அக்காவிடம் போய், இது நாம் கேட்டது இல்லையே என்றாள். விதியை நானா எழுதினேன், அவர்கள் சொல் அவர்களுடையது என்று வேதநாயகி சொன்னார். சொன்னபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அதை அப்போது பவளக்கொடி வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நாள் காலையில் ஒன்பது மணிக்கு அவள் மேசையில் ஓர் உறை கிடந்தது. அனுப்புப் பிரிவிலிருந்து வந்த வழக்கமான பழுப்பு உறை. மேலே எழுதியிருந்தது: "சாட்சி எண் 12. பவளக்கொடி, சொல்பதிவாளர். திருத்தத்துக்காக."

யாரோ ஆள் மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பிரித்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒத்திகை ஊருக்கு ஆள் குறைந்தபோது ஊழியர்கள் பலரும் தங்கள் சாயலைக் கொடுத்தார்கள். அவளும் கொடுத்திருந்தாள். கொடுத்ததையே மறந்துவிட்டிருந்தாள். உள்ளே இருந்தது மூடிய அமர்வு ஒன்றின் பதிவு. தேதி, அவள் பையில் உறைகளை எடுத்துக்கொண்டு கிளம்பியதற்கு முந்தைய நாள்.

தலைவர்: பதினொரு பேர்ல எத்தன பேர் தாள அடிப்பாங்க?

சாட்சி: தபால்ல போனா நாலு பேர் அக்கா. மத்தவங்க பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க. கெடு முடிஞ்சதும் இருக்கிறபடியே பதிவாயிரும்.

தலைவர்: நீ நேர்ல கொண்டுபோனா?

சாட்சி: எல்லாரும் அடிப்பாங்க.

தலைவர்: நீ என்ன சொல்லுவே அவங்ககிட்ட?

சாட்சி: ஒண்ணும் சொல்ல மாட்டேன். பக்கத்துல உக்காந்திருப்பேன். வெளியாள் ஒருத்தி பார்த்துக்கிட்டு இருக்கிறப்ப, தன் குடும்பத்தப் பத்தி அப்படி எழுதியிருக்கிற காகிதத்துல யாரு அக்கா கையெழுத்துப் போடுவா?

அதற்குக் கீழே தலைவர் அமிர்தத்தின் வாக்குமூலத்தை முழுக்க வாசித்திருந்தார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து சன்னல் வரைக்கும், ஒரு சொல் விடாமல். வாசித்துவிட்டு, "இந்தம்மாவுமா?" என்று கேட்டிருந்தார். "அவங்கதான் அக்கா மொதல்ல" என்று பவளக்கொடியின் சாயல் சொல்லியிருந்தது.

சாட்சி: அக்கா, நெசமான பவளக்கொடிய அனுப்புறதுன்னா எதுக்குன்னு சொல்லிட்டு அனுப்புங்க. கேட்டுட்டுப் போறாளோ போகலியோ, அது அவ பாடு.

தலைவர்: சரிம்மா.

சாட்சி: இன்னிக்குத் தண்ணி வைக்கலியே அக்கா.

தலைவர்: யாராவது வைப்பாங்க.

இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அவளால் புரட்ட முடியவில்லை. தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

வேதநாயகி தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். மறுக்கவில்லை. கொள்ளிட மணல் மசோதாவைப் பற்றிச் சொன்னார். பதினாலு வருடமாகக் கிடக்கிற மசோதா. அது வந்தால்தான் ஆற்றில் அள்ளுவது நிற்கும். இந்த ஒப்புதல் மசோதாவை மறிக்காமல் விட்டால் அதை ஆளுங்கட்சியினர் மறிக்க மாட்டார்கள் என்று பேச்சு. கீழே நாலு மாவட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்குமா இருக்காதா என்பதுதான் கணக்கு. தனக்கென்று ஒன்றும் கேட்டு வாங்கவில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். அவருக்கு இப்போதும் வாடகை வீடுதான்.

பவளக்கொடி கத்தவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா நீ போயிருக்க மாட்டே."

"அது எப்படித் தெரியும் உங்களுக்கு? கேட்டீங்களா?"

"கேட்டேனே பவளம்" என்றார் வேதநாயகி. "உங்கிட்டதான் கேட்டேன்."

பிறகு பவளக்கொடி, இந்தத் தாளில் நான் ஒன்றும் திருத்தப் போவதில்லை, வாக்கெடுப்புக்கு முன்னால் கொடுத்துவிடுவேன், அமிர்தம் சொன்னது இதற்குள்ளே முழுக்க இருக்கிறது, ஒரு சாட்சி போதும் அல்லவா என்றாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டாள்.

வேதநாயகி பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

"குடு. அது உன் உரிமை. ஆனா அந்தம்மா அடிச்ச பேச்சு அது. அவங்க வேணாம்னு சொன்னத அவங்களக் கேக்காம நீ அச்சுல ஏத்தினா, நான் உனக்குச் செஞ்சத நீ அவங்களுக்குச் செய்யுற. யோசிச்சுக்க."

அது சரியாக இருந்ததுதான் கஷ்டம்.

"போய்க் கேட்டுட்டு வாம்மா" என்றார் வேதநாயகி, பழைய குரலில். "அஞ்சு மணிக்குத்தானே வாக்கெடுப்பு. டீயக் குடிச்சுட்டுப் போ."

குடித்துவிட்டுத்தான் போனாள். இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம், கை தானாக நீண்டது.

போனில் கேட்டிருக்கலாம். அமிர்தம் கொடுத்திருந்த எண் மகனுடைய எண். அவனிடம் என்னவென்று சொல்லி அம்மாவைக் கூப்பிடச் சொல்வது? சத்திரம் பேருந்து நிலையத்தில் கரூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

மண்டியில் அமிர்தம் ஈரத்துணியால் இலையைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. பவளக்கொடி கீழே கிடந்த சாக்கில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தன்னை எதற்காக அனுப்பினார்கள் என்பதையும் சொன்னாள். அமிர்தத்தின் கை இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"அவ இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"யாரு?"

"அந்த அமிர்தம்."

"இல்லம்மா. சாட்சி முடிஞ்சதும் அந்த ஊரையே அழிச்சுருவாங்க."

"கண்ணு தெரியாமலேயா போனா?"

பவளக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அமிர்தம் ஒரு கட்டு இலையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அன்னிக்கு நீ பக்கத்துல உக்காந்திருக்க. அவன் கண்ணாடிய ஒட்டிக் கொண்டாந்து மாட்டிவிட்டுட்டு நிக்கிறான். நான் எப்படிம்மா அதுல கையெழுத்துப் போடுவேன்?"

"எனக்கு அன்னிக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டே. உம் முகத்தப் பாத்தாத் தெரியுது. வேற யாரையாச்சும் அனுப்பியிருப்பாங்க." துணியைப் பிழிந்தார். "அவ பொய் சொல்லல. என் மகன் நல்லவன்தான். வேணாம்னு பாசத்துலதான் போடுவான். அதத்தான் நான் அன்னிக்கு ராவெல்லாம் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

பவளக்கொடி காத்திருந்தாள். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் போவதென்று அவள் மனசுக்குள் முடிவு செய்துகொண்டிருந்தாள்.

"அவன் பேரு அதுல இருக்குதா?"

"ஒரு எடத்துல இருக்கு."

"அத மட்டும் அடிச்சுரு. என் பேரு இருக்கட்டும். அவ பேசினது இருக்கட்டும்."

பேரைத் திருத்த விதியில் இடமுண்டு. பவளக்கொடி அங்கேயே, இலைக் கட்டின் மேல் தாளை வைத்து, கதிரேசன் என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தாள். அமிர்தம் அதைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்து, சரி என்றார். கிளம்பும்போது ஒரு சுருள் இலையைக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. குளித்தலை தாண்டியதும் காவிரி கூடவே வந்தது. திருத்தத் தாளில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வேண்டும். போய் இறங்கியதும் நேரே கொடுத்துவிடலாம் என்று மடியில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்து, பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஐந்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆகியிருந்தது. ஜீயபுரத்தில் பஸ் நின்றபோது கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். காலையில் புரட்டாமல் விட்ட பக்கம்.

தலைவர்: கடைசியா ஒண்ணு. நாம பேசுறதும் அவளுக்குத் திருத்தத்துக்குப் போகும். விதி. தடுக்க முடியாது. வாக்கெடுப்பு அன்னிக்குக் காலையில போற மாதிரி வேணா வைக்கலாம். பாத்தா என்ன செய்வா?

சாட்சி: உங்ககிட்ட வருவா. கத்த மாட்டா.

தலைவர்: தாள?

சாட்சி: அடிக்க மாட்டா. ஆனா அமிர்தத்தக் கேக்காமக் கையெழுத்தும் போட மாட்டா. நேர்ல போவா. லாலாபேட்டை போய்ட்டு வர நாலு மணி நேரம் ஆகும் அக்கா.

தலைவர்: போதும்மா.

அவ்வளவுதான் இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துக்கான இடம்.

பவளக்கொடி போனை எடுத்துப் பார்த்தாள். கூட வேலை பார்க்கும் பெண்ணிடமிருந்து செய்தி வந்து கிடந்தது. அலுவல் வரிசையை மாற்றிவிட்டார்கள், குழுத் தலைவரே எழுந்து கேட்டுக்கொண்டார், பன்னிரண்டு மணிக்கே எடுத்துக் குரல் வாக்கில் நிறைவேற்றிவிட்டார்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் அக்கா என்று கேட்டிருந்தது. மணி ஒன்றே முக்கால். பன்னிரண்டு மணிக்குத் தான் எங்கே இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். கதிரேசன் என்ற பேரின் மேல் கோடு போட்டுக்கொண்டு இருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், வாந்தி வருதா கண்ணு, இந்தப் பக்கம் மாறி உக்காந்துக்குறியா என்று கேட்டார். இல்லீங்க என்றாள். கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணியது. பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

அனுப்புப் பிரிவில் தாளை வாங்கிக்கொண்டவர் புரட்டிப் பார்த்தார். திருத்தம் பேர் ஒன்று மட்டும் என்று எழுதி முத்திரை குத்தினார். அறிக்கை வைத்தாகிவிட்டதால் இது அடுத்த தொகுதியில்தான் வரும், நாலு மாதம் ஆகலாம் என்றார். யாராவது படிப்பார்களா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒப்புகைச் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

வேதநாயகியின் அறை பூட்டியிருந்தது. மணல் மசோதாவுக்காக அமைச்சரைப் பார்க்கப் போயிருப்பதாகக் காவலர் சொன்னார்.

ஆறாம் அறை திறந்துதான் கிடந்தது. விளக்கு போடவில்லை, ஜன்னல் வெளிச்சம் போதும். நாற்காலிகளின் முதுகில் ஒரு துண்டுகூட இல்லை. சாட்சி மேசையில் ஒலிபெருக்கியின் வயரைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பவளக்கொடி லாலாபேட்டை இலையை மேசை ஓரமாக வைத்தாள். டம்ளரைக் கழுவினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

பிறகு சுற்றிக்கொண்டு போய், சாட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் தலைவர் நாற்காலி நினைத்ததைவிட உயரமாகத் தெரிந்தது. டம்ளரை எடுத்து, முழுத் தண்ணீரையும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.